ஆயிரத்துக்கு ஐந்து

பெங்களூரு,
ஜூலை 2025

அன்புள்ள மல்லிகா,

ஆண்டறிக்கையை ஒருவழியாக முடித்து, பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, சீல் போட்ட நகலும் வாங்கியாயிற்று. இனி அடுத்த ஜூன் வரை அந்தப் பக்கத்திலிருந்து யாரும் என்னைத் தேட மாட்டார்கள். "உங்கள் லைப்ரரியில் இந்த வருடம் அப்படி என்னதான் சாதித்தீர்கள்?" என்று நக்கலாகக் கேட்டிருந்தாய். பதில் அறிக்கையில் இருக்கிறது, ஆனால் அதைப் படித்தால் உனக்குத் தூக்கம்தான் வரும். வருகை, புழக்கம், புதிய நூல்கள், பதிவிறக்கம், உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கான அட்டவணை என்று, கல்லூரி நூலகரான உனக்கும் பழகிப்போன சடங்குதான் எல்லாம். அதில் சேராததையும், சேர்ந்தும் ஒரு வரியில் முடிந்துபோனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம். 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்ததும் என் வருடமே தலைகீழாகிவிட்டது. 2025 முதல் 2027 வரை மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாயை மத்திய அரசே ஆய்விதழ்ச் சந்தாவாகப் பதிப்பகங்களுக்குக் கட்டிவிடுகிறது. எல்சேவியர், வைலி, ஸ்ப்ரிங்கர் நேச்சர் என்று 30 பதிப்பகங்கள், 13,000 ஆய்விதழ்கள் அளவுக்கு. ஜனவரி 1 முதல் எங்கள் பையன்களுக்கு எல்லாம் திறந்துவிட்டது. முன்பெல்லாம் நவம்பர், டிசம்பர் என்றாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். டாலர் விலை ஏறியிருக்கும், ஏஜென்ட் புதுக் கொட்டேஷன் நீட்டுவார், இயற்பியல் துறை "எங்கள் இதழை நிறுத்தினால் பார்" என்று மிரட்டும், எதை வெட்டுவது என்று நான்தான் கத்தியைத் தூக்க வேண்டும். இந்த முறை கத்திக்கு வேலையே இல்லை. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதைக்கு அரசு நிறுவனங்களோடு நின்றுவிட்டது. இந்த ஊரில் தெருவுக்கு ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கிறதும் நம் பிள்ளைகள்தானே?

நிதிப் பிரிவில் உடனே கண்ணைத் திறந்தார்கள். "சந்தாச் செலவு மிச்சம் அல்லவா மேடம், உங்கள் ஒதுக்கீட்டைக் குறைத்துவிடலாமே?" நான் விடவில்லை. துணைவேந்தர் அறைக்கு எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. கடைசியில் ஒரு பங்கையாவது பிடித்து வைத்துக்கொண்டேன். அந்தப் பணத்தில்தான் தரைத்தளத்துப் படிப்பறை வந்தது. நாற்காலி, மேசை, விளக்கு, மேசைக்கு மேசை பிளக் பாயின்ட். அறிக்கையில் இதற்குக் கிடைத்த இடம், "சமூகப் பங்களிப்பு" என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி.

அது என்ன பங்களிப்பு என்றால், எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே இருக்கிறவர்களும் வந்து உட்கார்ந்து படிக்கலாம், அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கேபிஎஸ்சி என்கிற கர்நாடக அரசுப் பணித் தேர்வு, வங்கி, ரயில்வே, சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு என்று ஏதாவது ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒற்றை அறை வீட்டில் டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவில் எங்கே படிப்பது? விஜயநகர் பக்கம் மாதக் கட்டணத்துக்குத் தடுப்பு அடித்து நாற்காலி வாடகைக்கு விடும் 'ஸ்டடி சென்டர்'கள் வரிசையாக வந்துவிட்டன. அந்தப் பணத்தையும் கொடுக்க முடியாதவர்களுக்கு எங்கள் தரைத்தளம். ஆதார் நகல், சின்ன டெபாசிட், சொந்தப் புத்தகம் கொண்டுவரலாம், எங்கள் நூல்களை அங்கேயே எடுத்துப் படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

ஆட்சேபணைக்குப் பஞ்சமில்லை. ஒரு பேராசிரியர் கூட்டத்தில் எழுந்து, "லைப்ரரியைக் கல்யாண மண்டபம் ஆக்கப் போகிறீர்கள்" என்றார். நடந்தது வேறு. படிப்பறையில் சத்தம் போட்டு நாங்கள் வெளியே அனுப்பியது எல்லாம் எங்கள் மாணவர்களைத்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் இருமுவதற்குக்கூட வாசலுக்குப் போகிறார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்கிற ஒரு அம்மாவின் மகள். முதல் நாள் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து, உள்ளே கால் வைக்காமலே "சீட் இதியா, மேடம்?" (இடம் இருக்கிறதா) என்று கேட்டாள். அன்றிலிருந்து ஜன்னலோரத்தில் மூன்றாவது மேசை அவளுடையது. பிரஜாவாணி என்ற கன்னட நாளிதழின் தலையங்கத்தை நோட்டில் அப்படியே எழுதி, பக்கத்திலேயே தன் வார்த்தையில் சுருக்கி எழுதுவாள். ஒருநாள் வந்து மூன்று மாதத்துப் பழைய பேப்பர் வேண்டும் என்றாள். நாங்கள் மாதம் பிறந்ததும் பழைய பேப்பரை எடைக்குப் போட்டுவிடுகிறவர்கள். அவள் கேட்ட பிறகுதான் ஆறு மாதத்துக்கு அடுக்கி வைக்க ஆரம்பித்தோம். இப்போது அந்த அடுக்குக்குத்தான் தள்ளுமுள்ளு. கமிட்டி போட்டு யோசித்திருந்தால்கூட எங்களுக்கு இது தோன்றியிருக்காது.

படிப்பறை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் என்று போர்டு வைப்பது சுலபம். பெண்கள் கழிப்பறை இரண்டாம் மாடியில், அதுவும் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அந்தச் சாவியை வாட்ச்மேனிடம் விட்டுவைக்கக் கோப்பு மாதக்கணக்கில் ஊர்ந்தது. அது வரை ஆறு மணிக்கு மேல் பெண்கள் யாரும் தங்கவில்லை. சாவி வந்த வாரமே தங்க ஆரம்பித்தார்கள். இங்கே 2023 ஜூனிலிருந்து 'சக்தி' திட்டத்தில் பெண்களுக்குப் பஸ் இலவசம், அதனால் தொலைவிலிருந்தும் வருகிறார்கள். இலவச பஸ், ஒரு சாவி, வாசலில் ஒரு டியூப் லைட். பெண் கல்வி என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் தேவலை.

காலையில் வேறு ஒரு கூட்டம். கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் பிள்ளைகள். மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன் ரயில் ஏறி இங்கே வந்து இறங்கி, கல்லூரி திறக்கும் வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். தங்கச் சுரங்கம் 2001இல் மூடிய பிறகு அந்த ஊருக்கே பிழைப்பு பெங்களூரு ரயில்தான். இவர்களில் பலருக்குத் தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர், அப்பா இங்கே செக்யூரிட்டி. ஏழு மணிக்கே படிப்பறையைத் திறந்ததும் நேரே வந்துவிடுகிறார்கள். நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு 'அக்கா' என்று பெயர். மற்ற ஊழியர்கள் எல்லாம் 'மேடம்'. பதவி இறக்கமா ஏற்றமா என்று நீயே சொல்.

சரி, இப்போது உன்னோடு சண்டைக்கு வருகிறேன். போன தடவை போனில் என்ன சொன்னாய்? "உனக்கென்ன, பெரிய யுனிவர்சிட்டி, திறந்து விடுவாய். என் கல்லூரியில் ஒரு புத்தகம் போனாலும் என் பென்ஷனில் பிடிப்பார்கள்." அதனால்தான் நீ கண்ணாடி பீரோவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாய். பயம் நியாயம்தான். ஓய்வு பெறுகிற நேரத்தில் "நோ ட்யூ" (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) வராமல் அலைந்த எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! ஆனால் விதியைப் படித்துப் பார்த்திருக்கிறாயா? மத்திய அரசின் 2017ஆம் வருடப் பொது நிதி விதிகள், விதி எண் 215. ஒரு வருடத்தில் புழங்கிய நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைந்தால் அது இயல்பான இழப்பு. நேர்மைக் குறைவோ அசட்டையோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் தனியாக விசாரிக்க வேண்டும். அது மத்திய அரசுக்கான விதி, மாநிலங்களுக்கு அவரவர் விதி என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வாதாட அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. எங்கள் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டில் நான் அந்தப் பக்கத்தைத்தான் நகல் எடுத்து வைத்தேன். "ஆயிரத்துக்கு ஐந்து" என்பதை எங்கள் விதியிலும் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொண்டேன். அந்தத் தீர்மானம் இல்லை என்றால் படிப்பறையும் இல்லை, வெளியாட்களும் இல்லை. நூலகங்கள் மூடிக்கிடப்பதற்குக் காரணம் நூலகருக்கு மனம் இல்லாததல்ல, கணக்குப் பயம். இந்த வருடத்துச் சாதனை எது என்று என்னைக் கேட்டால் அந்த ஒரு பக்கத் தீர்மானத்தைத்தான் காட்டுவேன்.

தீர்மானம் வந்த பிறகு செய்த ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது நூல் இருப்புச் சரிபார்ப்பு, வேடிக்கையாக இருந்தது. மே மாத விடுமுறையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கையில் பார்கோடு ரீடரோடு ரேக் ரேக்காகப் போனோம். தொலைந்துவிட்டது என்று முந்தைய வருடங்களில் எழுதி வைத்ததில் கணிசமானவை உள்ளேயே இருந்தன. தேர்வு சமயத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கிற பாடநூலை இன்னொருவன் எடுத்துவிடக் கூடாது என்று, யாரும் போகாத ரேக்காகப் பார்த்துச் செருகிவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். வரித்துறைச் சட்டம் சமஸ்கிருத நாடக வரிசையில், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கால்நடை மருத்துவ அகராதிகளுக்குப் பின்னால். எந்த ரேக்கில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தேன். எந்த நூலுக்குக் கூடுதல் பிரதி வாங்க வேண்டும், எந்தப் பிரிவுக்கு ஆள் போவதே இல்லை என்று இரண்டும் ஒரே பட்டியலில் கிடைத்துவிட்டது. எந்தக் கணக்கெடுப்பும் இவ்வளவு உண்மை சொல்லாது.

அப்புறம் கோஹா என்ற நூலக மென்பொருள். பழைய மென்பொருளை விட்டு ஒருவழியாக மாறிவிட்டோம். ஆங்கில நூல்கள் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தன. கன்னட நூல்கள்தான் பிராணனை வாங்கின. பழைய பதிவுகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய நுடி எழுத்துருவில் அடித்தவை. புதிய திரையில் திறந்தால் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கல். நம் ஊரில் டாம், டாப், பாமினி என்று பழைய எழுத்துருக்களோடு அல்லல்பட்டோமே, அதே கதை கன்னடத்தில். மாற்றி மென்பொருள் போட்டாலும் ஒற்றெழுத்துகள் இடம் மாறி நிற்கும், ஆள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும். எங்கள் ஊழியர் இரண்டு பேர், கன்னடத் துறை மாணவர்கள் கொஞ்சம் பேர், வருடம் முழுக்கத் திருத்தினார்கள். தன் மொழியில் தட்டித் தன் மொழி நூலைத் தேடுவது இந்த வருடம்தான் இங்கே முடிந்தது. திறப்பு விழா இல்லை, ரிப்பன் இல்லை, போட்டோ இல்லை. போட்டோ எடுக்க அதில் என்ன இருக்கிறது?

பார்வையற்ற மாணவர்களுக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறோம். திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ இலவசம், கம்ப்யூட்டர் பழையதே போதும். சிக்கல் நூலில். ஆங்கிலம் என்றால் ஸ்கேன் செய்தால் கருவி படித்துவிடும், பழைய அச்சில் இருக்கிற கன்னட நூல்களைத் தப்புத் தப்பாகப் படிக்கிறது. அங்கேதான் ஊர் வந்து உதவியது. பக்கத்து லேஅவுட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், நடைப்பயிற்சிக்கு வருகிறவர், படிப்பறையைப் பார்த்துவிட்டு "நான் வாசித்துப் பதிவு செய்து தரட்டுமா?" என்று கேட்டார். இப்போது அவரும் தோழிகளும் முறை வைத்து வருகிறார்கள். பதிப்புரிமை பிரச்சினை வராதா என்று சட்டப் பிரிவு கேட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்குப் படிக்கக்கூடிய வடிவில் மாற்றித் தர அனுமதி இருக்கிறது, பார்வையற்றோருக்கு நூல் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகத்திலேயே முதலில் ஏற்ற நாடு நம் நாடு என்று எழுதிக் கொடுத்தேன். வாயடைத்துவிட்டது. இந்த அறையில் எனக்குப் பிடித்தது, அறிக்கையில் "சமூகத்துக்கு நூலகம்" என்று இருப்பது இங்கே திரும்பி "நூலகத்துக்குச் சமூகம்" என்று ஆகிவிட்டதுதான்.

கிராமம் பக்கமும் போனோம். இங்கே பஞ்சாயத்து நூலகங்களுக்கு 'அறிவு கேந்திரா' என்று பெயர். ஒன்றோடு தொடர்பு வைத்துக்கொண்டு என்எஸ்எஸ் மாணவர்களைச் சனிக்கிழமைகளில் அனுப்புகிறோம். முதலில் எங்கள் ஆட்கள் செய்ய நினைத்தது என்ன தெரியுமா? கழித்துக்கட்டிய நூல்களை லாரியில் ஏற்றி அனுப்புவது. முப்பது வருடத்துப் பழைய கம்ப்யூட்டர் பாடநூல், இப்போது இல்லாத பாடத்திட்டத்துக்கு நோட்ஸ். நான் குறுக்கே நின்றுவிட்டேன். நமக்கு வேண்டாதது அவர்களுக்கு மட்டும் எப்படிப் பயன்படும்? அங்கே இருக்கிற நூலகரிடமே என்ன வேண்டும் என்று கேட்டோம். சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதை, போட்டித் தேர்வுக்கு நடப்பு வருட நூல், உடையாத ஒரு செஸ் போர்டு என்றார். செஸ் போர்டை வாங்க எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லாததால் அதை மட்டும் நாங்கள் சேர்ந்து கைப்பணத்தில் வாங்கிக்கொடுத்தோம்.

அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பம் தாத்தாவின் புத்தகங்களைக் கொடுத்தது. வீட்டை விற்று அபார்ட்மென்ட் போகிறார்களாம். பாட்டி வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, பைண்ட் போட்டு வைத்தவை நிறைய. இராமபாணப் பூச்சி ஓரங்களில் கோலம் போட்டிருந்தது, ஆனால் ஓவியங்களும், பின்பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ், சோப் விளம்பரங்களும் அப்படியே. எங்களிடம் தமிழ்த் துறை இல்லை. வாங்கி வைத்தால் பீரோவில்தான் தூங்கும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தோடு பேசுங்கள், இல்லை ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்து நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். வந்ததை வாங்கி வைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம், அறிக்கைக்கு நல்லது. என் உதவியாளருக்கு அதில் இன்னும் வருத்தம்.

போன ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். இந்த ஊரில் இந்திய நூலக அறிவியலின் தந்தை ரங்கநாதன் என்றால் தனி மரியாதை. 1962இல் டிஆர்டிசி என்ற ஆவணமாக்க ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது இங்கேதான், 1972இல் கண் மூடியதும் இங்கேதான். எல்லாரும் அவருடைய ஐந்து நூலக விதிகளை ஒப்பிப்பார்கள் என்று தெரியும். நான் உன் ஊர்க் கதையை எடுத்தேன். 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போன கதை. "அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள், நாம் கேட்டைத் திறக்க யோசிக்கிறோம்" என்றதும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு. கைதட்டலா முணுமுணுப்பா என்று மேடையிலிருந்து தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் கன்னடத்துக்காரர்கள் பலர் அந்த வண்டியைப் பற்றித்தான் விசாரித்தார்கள். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது நிஜம்.

டொம்மலூர் கோவிலுக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்துப்போய்த் தமிழ்க் கல்வெட்டுகளைக் காட்டினோம். ரைஸ் தொகுத்த கல்வெட்டுத் தொகுப்பான எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியை லைப்ரரியிலிருந்து எடுத்துப்போயிருந்தேன். அதைப் பற்றி விரிவாக இன்னொரு கடிதத்தில்.

அடுத்த வருடம் என்ன என்று கேட்பாய். படிப்பறைக்கு வருகிறவர்களுக்கு இரவல் கொடுக்க வேண்டும் என்று ஆசை. டெபாசிட்டை எவ்வளவு வைப்பது என்பதில்தான் கமிட்டியில் இழுபறி. அதிகம் வைத்தால் வருகிறவர்கள் வர மாட்டார்கள், குறைவாக வைத்தால் ஆடிட் விடாது. உன் கல்லூரியில் பழைய மாணவர்களுக்கு இரவல் கொடுத்த காலத்தில் என்ன தொகை வைத்திருந்தாய், எவ்வளவு திரும்பி வந்தது என்று எழுது. அந்த நோட்டு இருந்தால் இரண்டு பக்கம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு.

விதி 215ஐ நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உன் முதல்வரிடம் நீ காட்டாவிட்டால், ஆகஸ்டில் ஊருக்கு வரும்போது நானே காட்டுகிறேன். சின்னவளுக்குக் கவுன்சிலிங் என்ன ஆயிற்று? அவள் எடுத்த பாடத்தை அறிந்துகொண்டு இங்கிருந்து நூல் வாங்கி வருகிறேன், அவென்யூ ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

உன்,
சாந்தி